இறுக்கத்தின் உள்ளே இருக்கும் பலவீனம்

 

கட்டைபறிச்சான், மூதூர்ப் பகுதிகளில் அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்குச் செல்லும் வாலிபர்களுள் சிலர், பின்தொடை எந்நேரமும் இறுகிக் கிடப்பதாக முறையிடுகின்றனர். கொட்டியாரக் குடாவில் வலை இழுப்போருக்கும் நெல்மூடை சுமப்போருக்கும் அந்த இறுக்கம் இடுப்பில். எண்ணெய் தேய்க்கிறார்கள், காலை நீட்டி இழுக்கிறார்கள். அன்றிரவு சுகம், மறுநாள் பழைய நிலைமைதான்.

இறுகியிருக்கும் தசையெல்லாம் நீளம் குறைந்த தசை அன்று. பலங்குன்றிய தசை தன் சக்திக்கு மீறிய சுமையில் விரைவாகக் களைக்கிறது; அதனைக் காப்பதற்கென நரம்புமண்டலம் இறுக்கிப் பிடிக்கவும் கூடும். பிட்டத் தசை பலமிழந்தால் அதன் வேலையையும் பின்தொடையும் இடுப்புமே சுமக்கின்றன. நீட்டுவதால் இறுக்க உணர்வு தணியும். பலவீனம் அப்படியே இருக்கும். அந்நிலையில் வேகமாக ஓடும்போதே தசை கிழிகிறது. உழைக்கும் பிள்ளை சில வாரம் படுத்துவிட்டால் அந்த வீட்டு அடுப்பின் கதி என்ன?

டென்மார்க்கில் 50 உதைபந்தாட்ட அணிகளின் 942 வீரர்களைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. பின்தொடையைப் பலப்படுத்தும் ஒரே பயிற்சியைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் 15 தசைக் காயங்கள். சேர்க்காத அணிகளில் 52. பயிற்சி எளியது: முழந்தாளிட்டு நில்லுங்கள். தோழர் ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும். உடலை நேராக வைத்து, மெல்ல மெல்ல முன்னே சாய்ந்து, தாங்க இயலாதபோது கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து தடவை வீதம் இரு சுற்றுகள் போதும். பிறகு படிப்படியாகக் கூட்டலாம். ஆரம்பத்தில் தசை நோகும். அதற்காக அஞ்சி விட்டுவிடாதீர்கள்.

பலமுள்ள முஃமினின் சிறப்பைக் கூறும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்போட்டி வைத்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். தொழுகையைத் தேகப்பயிற்சி என்று பிரசங்கிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அது இபாதத். ஆயினும், கவனியாது விட்ட பலவீனத்தால் நாற்பது வயதிலேயே கதிரையில் அமர்ந்து தொழ நேர்ந்தால், இழப்பு நமக்கல்லவா?

பெற்றோரே, பிள்ளை நோவென்று சொன்னால் சோம்பல் என ஏசாதீர்கள். நோவு மாத்திரை கொடுத்து விளையாட அனுப்பவும் வேண்டாம். திடீரென வெட்டியது போன்ற நோவு, வீக்கம், கால் மரத்துப்போதல் கண்டால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.