லிபியா: இத்தாலியர் ஆட்சியும் உமர் முக்தாரும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

திருத்தணி ஓர் எல்லையூர். 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூர் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆயினும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட நகரி, புத்தூர் மக்களோடு நமக்கிருந்த உறவு அறுபடவில்லை. இன்றும் பெண் கொடுக்கிறோம், பெண் எடுக்கிறோம். சந்தைக்கும் ஜனாஸாவுக்கும் தடையின்றிச் சென்று வருகிறோம். இதனை ஒரு நிஃமத்தாக நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எல்லை முள்வேலியாக மாறினால் ஒரு சமுதாயத்திற்கு என்ன நேரும் என்பதை லிபியாவின் வரலாறு காட்டுகிறது.

1911 செப்டம்பர் 29 அன்று உதுமானியப் பேரரசின்மீது போர் அறிவித்த இத்தாலி, திரிபோலி முதலிய கடற்கரை நகரங்களைக் கைப்பற்றியது. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று இத்தாலிய விமானி ஒருவர் வீசிய குண்டுகளே உலகப் போர் வரலாற்றில் விமானத்திலிருந்து வீசப்பட்ட முதற் குண்டுகளாகக் கருதப்படுகின்றன. இச்செய்தி இந்திய முஸ்லிம்களின் உள்ளத்தை உலுக்கியது. 1912இல் கல்கத்தாவில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் தொடங்கிய 'அல் ஹிலால்' ஏடு திரிபோலியின் துயரை நம் நாட்டு மக்களிடம் கொண்டு சேர்த்தது. அப்போர்க்களத்தில் காயமுற்றோருக்குத் தண்ணீர் வழங்கி உயிர்நீத்த ஃபாத்திமா பின்த் அப்துல்லாஹ் என்னும் அரபுச் சிறுமியைக் குறித்து அல்லாமா இக்பால் கவிதை யாத்தார்.

1912இல் உதுமானியர் உடன்படிக்கை செய்துகொண்டு விலகினர், மக்கள் விலகவில்லை. கிழக்கு லிபியாவில் ஸனூஸிய்யா தரீக்காவின் ஸாவியாக்கள் தொழுமிடமாகவும் மத்ரஸாவாகவும் வழிப்போக்கர் தங்குமிடமாகவும் விளங்கின. அத்தகைய ஸாவியாவில் குர்ஆன் கற்பித்து வந்தவரே உமர் முக்தார். அறுபது வயதைக் கடந்த பின்னரும் ஜபல் அக்தர் மலைப்பகுதியில் அவர் போராட்டத்தை வழிநடத்தினார்.

விமானமும் பீரங்கியும் கொண்ட படையால் குதிரை வீரர்களின் சிறு குழுக்களை ஏன் அடக்க இயலவில்லை? மக்கள் அவர்களுக்கு உணவளித்தனர்; செய்தி கொடுத்தனர்; தம் பிள்ளைகளையும் அனுப்பினர். இதனை உணர்ந்த முசோலினியின் அரசு, வீரர்களை விடுத்து மக்களின் பிணைப்பையே அறுக்க முனைந்தது. 1930இல் தளபதி கிராட்சியானியின் படையினர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரைக் குடும்பம் குடும்பமாகவும் கால்நடைகளோடும் மலையிலிருந்து விரட்டி, அகைலா, ஸலூக், மக்ரூன் முதலிய பாலைவன முகாம்களில் அடைத்தனர். ஸாவியாக்கள் மூடப்பட்டன, அவற்றின் சொத்துகள் பறிக்கப்பட்டன. 1931இல் எகிப்திய எல்லை நெடுகிலும் சுமார் 270 கிலோமீட்டர் நீளத்திற்கு முள்வேலி எழுப்பப்பட்டது. அப்பாலிருந்து வந்த தானியமும் வணிகமும் உறவும் அத்துடன் அடைபட்டன.

1931 செப்டம்பர் 11 அன்று உமர் முக்தார் சிறைப்பட்டார். 15ஆம் நாள் விசாரணை. மறுநாள் ஸலூக்கில், முகாம்வாசிகள் ஏறத்தாழ 20,000 பேர் கட்டாயமாகக் கூட்டி நிறுத்தப்பட்ட களத்தில், எழுபது வயதைக் கடந்த அம்முதியவர் தூக்கிலிடப்பட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

உமர் முக்தாரின் பெயரை உலகம் அறியும். முகாம்களில் பசியாலும் நோயாலும் மடிந்தவர்களின் பெயர்களை யார் அறிவார்? 40,000 பேர் என்போரும் உளர். 60,000க்கு மேல் என்போரும் உளர். பெயரோடு கூடிய முழுப்பட்டியல் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் பேரரசுக்காக லிபியாவில் போரிட்டு மடிந்த நம் நாட்டுச் சிப்பாய்களின் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் போர்க் கல்லறை ஆணையத்தின் ஏட்டில் உள்ளன. சொந்த மண்ணில் மடிந்த ஏழை இடையருக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை.

பதிவு இல்லாத இடத்தில் மறுப்பு எளிதாகிறது. உமர் முக்தாரின் வரலாற்றைக் கூறும் 'பாலைவனச் சிங்கம்' திரைப்படம் 1981இல் வெளிவந்தது. 1982இல் இத்தாலி அதற்குத் தடை விதித்தது. 2009இல்தான் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது. லிபியா 1951 டிசம்பர் 24 அன்று விடுதலை பெற்றது. ஆயினும் இத்தாலி வருத்தம் தெரிவித்து, 20 ஆண்டுகளில் 500 கோடி டாலர் வழங்க உடன்பாடு செய்துகொண்டது 2008இல்தான். முகாம்களில் வாடியவர்களில் மிகப் பலர் அதற்குள் கண்மூடிவிட்டனர்.

அன்பிற்குரியோரே! நம் ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேட்டையும் கபரஸ்தான் பதிவேட்டையும் வெறும் அலுவலகத் தாள்களாக நாம் கருதலாகாது. இன்னார் இங்கே வாழ்ந்தார் என்பதற்கு அவையே சாட்சி. பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்து, உற்றார் எவருமின்றி மறைந்து, நம் கபரஸ்தானில் உறங்குவோரின் பெயர்களும் அவற்றில் இடம்பெறுதல் வேண்டும். அத்தகையோரை அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம். வரும் ஆண்டறிக்கையில் அப்பெயர்கள் அச்சேற அல்லாஹ் தஆலா நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.