சேர்வதற்கு முன் சான்றிதழைப் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் குடியிருப்பில் லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் ஒரே பேச்சுதான்: "பிள்ளையை எதில் சேர்க்கலாம்?" நான் கல்வியாளர் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே கணக்குப் பார்க்கிறவன் கண்ணோடுதான் இதைப் பேச முடியும். சமுதாயக் கல்லூரி என்பது என்ன, அங்கே சுகாதாரம் சார்ந்த படிப்பில் சேர்ந்தால் எதைப் பார்க்க வேண்டும், வரலாறு படிப்பது வீணா என்ற மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

சமுதாயக் கல்லூரி என்றதும் "மார்க் குறைந்தவர்கள் போகிற இடம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-ல் இந்த முறை தொடங்கியது. வீட்டுக்கு அருகில், குறைந்த கட்டணத்தில், வேலைக்குப் போகிறவர்களும் படிக்கலாம் என்பதுதான் நோக்கம். இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரி எங்கே வந்தது தெரியுமா? நம் யூனியன் பிரதேசத்தில்தான். 1995-ல் புதுச்சேரி பல்கலைக்கழகம் லாஸ்பேட்டையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னையில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி வந்தது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவே இதற்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. முன்னோடி ஊர் நம்முடையது என்றாலும், விழிதியூரிலிருந்து லாஸ்பேட்டை போக சிதம்பரம், கடலூர் வழியாக சுமார் 130 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார வேண்டும். பிள்ளையை அனுப்புகிறவர்கள் விடுதிச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதன் தொடர்ச்சியாக வந்தது பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டம். ஒரு வருடம் முடித்தால் டிப்ளமா, இரண்டு வருடம் முடித்தால் உயர் டிப்ளமா, மூன்று வருடம் முடித்தால் பட்டம். வீட்டுச் சூழ்நிலையால் நடுவில் நிற்க நேர்ந்தாலும் வெறுங்கையோடு வெளியே வர வேண்டியதில்லை. 2021 முதல் படிப்புக்கும் ஒரு வங்கி வந்துவிட்டது. அதில் கணக்கு தொடங்கினால் படித்த பாடங்களின் கிரெடிட் அதில் வரவாகும். ஏழு வருடத்துக்குள் திரும்பி வந்து மீதியைப் படிக்கலாம். வட்டி மட்டும் கிடையாது.

இப்போது சுகாதாரப் படிப்புக்கு வருகிறேன். டயாலிசிஸ், லேப், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்புகளுக்கு இன்று நல்ல தேவை இருக்கிறது. 2016-ல் ஜிப்மர் கிளையே காரைக்காலுக்கு வந்துவிட்டது. ஆனால் இந்தத் துறையில்தான் ஏமாற்றும் அதிகம்.

ஜூன் மாதம் வந்தால் எங்கள் கிளையில் நகைக்கடன் கவுன்ட்டரில் கூட்டம் நிற்கும். ஒரு வருடம் ஓர் அம்மா தாலிச் சங்கிலியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். மகளை ஆறு மாத டெக்னீஷியன் படிப்பில் சேர்க்கிறாராம். "நூறு சதவீதம் வேலை சார், எழுதியே கொடுத்திருக்காங்க" என்றார். அடுத்த ஆண்டு வட்டி கட்ட வந்தபோது கேட்டேன். சான்றிதழைப் பார்த்த ஆஸ்பத்திரிகள் எடுக்கவில்லை, பெண் ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்றார்.

இதில் நான் கவனித்த ஒரு விஷயம் உண்டு. கல்விக்கடன் கேட்டால் வங்கி முதலில் கேட்பது, "படிப்புக்கும் நிறுவனத்துக்கும் அங்கீகாரம் உண்டா?" நகைக்கடன் கவுன்ட்டரில் அந்தக் கேள்வியே கிடையாது. தங்கம் அசலா என்று மட்டும்தான் உரசிப் பார்ப்பார்கள். அதனால்தான் அங்கீகாரம் இல்லாத படிப்புக்கான பணமெல்லாம் நகை வழியாகவே போகிறது. கையில் நகை இருந்தாலும் முதலில் கல்விக்கடனுக்கு விண்ணப்பம் கொடுங்கள். தர முடியாது என்றால் காரணத்தைக் கேளுங்கள். அங்கீகாரம் இல்லை என்பது காரணமானால், காசு செலவில்லாமல் ஒரு சோதனை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய காலத் தொழிற்பயிற்சிக்கும் தனியாகக் கடன் திட்டம் உண்டு. 2015-ல் ஒன்றரை லட்சமாக இருந்த அதன் உச்சவரம்பு 2024-ல் ஏழரை லட்சமாக உயர்ந்தது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். மருத்துவத் துணைப் பணியாளர்களுக்காக 2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி டெக்னீஷியன் வகைப் படிப்பு குறைந்தது 2,000 மணி நேரம் இருக்க வேண்டும். அதுவும் இரண்டு முதல் நான்கு வருடத்தில் பரவியிருக்க வேண்டும். பிசியோதெரபி போன்ற மேல்நிலைப் படிப்புக்கு 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு வருடம். இப்போது ஆறு மாதப் படிப்பை எடுங்கள். நாளைக்கு 7 மணி நேரம், மாதம் 25 நாள் என்று போட்டால் 1,050 மணிதான் வருகிறது. பாதியை எட்டி நிற்கிறது.

ஆறு மாதப் படிப்பெல்லாம் வீண் என்று நான் சொல்லவில்லை. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலைக்கு அது போதும். அப்படிப்பட்டவர்கள் நம் குடியிருப்புக்கே தேவைப்படுகிறார்கள். உதவியாளர் பயிற்சியை டெக்னீஷியன் படிப்பு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

எனவே பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். ஒன்று, சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்? பல்கலைக்கழகமா, அரசு வாரியமா, அல்லது அந்த நிறுவனமே அச்சடித்துக் கொடுக்கிறதா? இரண்டு, பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை நாள்? எழுத்தில் வாங்குங்கள். மூன்று, போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? இரண்டு பேரிடமாவது நேரில் பேசுங்கள். நான்கு, நடுவில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்? நர்சிங் என்றால் அதற்குத் தனிச் சட்டம், தனிக் கவுன்சில். அதன் அனுமதிப் பட்டியலில் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று தனியே பாருங்கள்.

"தபாலில் படிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நர்சிங், பிசியோதெரபி போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்த மானியக் குழு அனுமதிப்பதில்லை. 2025 முதல் உளவியல், உணவு ஊட்டச்சத்து முதலியவற்றையும் அந்தத் தடையில் சேர்த்துவிட்டது. வார்டில் நின்று கற்க வேண்டியதை வீட்டில் உட்கார்ந்து கற்க முடியாது என்பது நியாயம்தானே.

வரலாறு அப்படியல்ல. அதை வீட்டிலிருந்தே படிக்கலாம். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பட்டம் படிக்க வயது வரம்பு இல்லை. மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"வரலாறு படித்து என்ன செய்ய?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸ் முதலில் எழுதுவதே பேஷண்ட் ஹிஸ்டரிதான். மனிதருக்கு எப்படியோ ஊருக்கும் அப்படித்தான். காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அதன்பின் ஆறு மாதத்துக்குள் யார் எழுதிக் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பதை வைத்துத்தான் ஒரே தெருவில் ஒரு வீடு பிரெஞ்சுக் குடியுரிமை, அடுத்த வீடு இந்தியக் குடியுரிமை என்று ஆனது. பாகப்பிரிவினை என்று வந்தால் பீரோவிலிருந்து பிரெஞ்சு காலத்து நொத்தேர் பத்திரம் வெளியே வரும். அதை வாசிக்க ஆள் தேடி அலைகிறோம். 19-ஆம் நூற்றாண்டில் நம் துறைமுகம் வழியாகக் கப்பலேறி ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வம்சத்தார் இன்று வேர் தேடுகிறார்கள். அவர்களுக்கு வழி காட்ட, சுற்றுலா நடத்த, ஆவணம் வாசிக்க, வரலாறும் பிரெஞ்சும் தெரிந்த நம் பிள்ளைகள் வேண்டும். அதுவும் வேலைதான்.

இரண்டும் வேறு வேறு உலகம் என்றும் நினைக்க வேண்டாம். ஜிப்மரின் ஆரம்பம் 1823-ல் பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளி. பி.வோக். படிப்பிலும் 60 விழுக்காடு தொழிற்பயிற்சி, 40 விழுக்காடு பொதுக்கல்வி என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது, எதிரே இருப்பவரின் ஊரும் மொழியும் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். சேர்க்கை முடியும் வரை ஞாயிறுதோறும் காலை 10 முதல் 12 வரை நம் கூட்ட அறையைத் திறந்து வையுங்கள். நான் வந்து உட்காருகிறேன். கல்லூரிக் கையேடு, கட்டண விவரம், கடன் விண்ணப்பம் எதுவானாலும் கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. நம் வாட்ச்மேனுக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களுக்கும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நகையைக் கவுன்ட்டரில் வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.