முக்கோணக் கணக்கும் தறிச் சக்கரமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேங்கில் லெட்ஜர் எழுதி ஓய்வுபெற்ற பி.காம். ஆள், கேட் மென்பொருளைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் நான் சொல்லப்போவதில் பாதி கணக்குப்பதிவியல்தான்.

பல்லடம், சோமனூர் பக்கம் இன்னும் ஓடுகிற பழைய விசைத்தறிகளில் ஒரு பல்சக்கரம் உடைந்தால், அதற்கு வரைபடம் தேடினாலும் கிடைக்காது. முன்பெல்லாம் உடைந்ததைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கோயமுத்தூர் போவார்கள். பேட்டர்ன் செய்பவர் கையால் அளந்து மரத்தில் மாதிரி செய்வார், ஃபவுண்டரியில் வார்ப்பார்கள். இப்போது சக்கரத்தை ஸ்கேன் செய்து ஒரு ஃபைல் தருகிறார்கள். திரையில் பார்த்தால் அச்சு அசலாக இருக்கிறது. பட்டறைக்கு அனுப்பினால், "இது மெஷ்ஷுங்க, சாலிட் குடுங்க" என்று திரும்பி வருகிறது. அதுவரை தறி நிற்கும், கூலியும் நிற்கும். அதனால்தான் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிய வேண்டும்.

மெஷ் என்பது முக்கோணங்களால் தைத்த மேல்தோல். அதைச் சேமிக்கும் எஸ்டிஎல் ஃபைல், 1987-இல் அமெரிக்காவின் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் தன் ஸ்டீரியோலித்தோகிராஃபி இயந்திரத்துக்காக உருவாக்கியது. அதில் முக்கோணங்களின் மூலைகளும், அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதும் மட்டுமே இருக்கும். துளை, அச்சு, விட்டம் என்று எதுவும் கிடையாது. அலகுகூடக் கிடையாது. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டராகத் திறந்தால் சக்கரம் 25.4 மடங்கு சிறுத்துவிடும். ஆகவே ஃபைலைத் திறந்ததும் ஒரு அளவையாவது உண்மைச் சாமானோடு ஒப்பிடுங்கள்.

சாலிட் என்றால் உள்ளே எது, வெளியே எது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்த உருவம். தோல் முழுவதும் மூடியிருந்தால்தான் மெஷ் சாலிட் ஆகும். மூடியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இங்கேதான் நம் இரட்டைப்பதிவு முறை வருகிறது. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருப்பதுபோல, ஒவ்வொரு விளிம்பும் சரியாக இரண்டு முக்கோணங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஒன்றில் அந்த விளிம்பு போகிற திசைக்கு எதிர்த்திசையில் மற்றதில் வர வேண்டும். ஒரே ஒரு முக்கோணத்துக்குச் சொந்தமென்றால் அங்கே ஓட்டை. மூன்றுக்குச் சொந்தமென்றால் ஒரே வவுச்சரை இரண்டு முறை பதிந்த மாதிரி. முக்கோணங்களின் மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால், வேறு எதையும் பார்க்காமலேயே அந்தக் கணக்கு டேலி ஆகவில்லை என்று சொல்லிவிடலாம்.

காசில்லாமல் கிடைக்கும் ஃப்ரீகேட் மென்பொருளில் வேலை இப்படிப் போகும். ஃபைலை இறக்கி, மெஷ் பகுதியில் உள்ள சோதனைக் கருவியால் ஓட்டைகளையும் திரும்பிக் கிடக்கும் முக்கோணங்களையும் சரிசெய்யுங்கள். முக்கோணங்கள் அதிகமென்றால் குறையுங்கள். லட்சம் முக்கோணம் ஃபைலாக 5 எம்பிதான், ஆனால் சாலிடாக மாறும்போது ஒவ்வொன்றும் தனி முகமாகி கம்ப்யூட்டர் திணறும். பிறகு பார்ட் பகுதியில் 'கிரியேட் ஷேப் ஃப்ரம் மெஷ்', அடுத்து 'கன்வர்ட் டு சாலிட்', கடைசியாக 'ரிஃபைன் ஷேப்'. ஒரே தளத்தில் கிடக்கும் முக்கோணங்களை இந்தக் கடைசிக் கட்டளை ஒரே முகமாகச் சேர்த்துவிடும். பிறகு ஸ்டெப் ஃபைலாகச் சேமிக்கலாம்.

இதோடு வேலை முடிந்ததா? இல்லை. இருப்பாய்வு டேலி ஆனால் லெட்ஜரில் தப்பே இல்லை என்று அர்த்தமா? காமர்ஸ் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதேதான் இங்கேயும். 25 மில்லிமீட்டர் துளையை 24 பட்டைகளாக மெஷ் ஆக்கியிருந்தால், சாலிடாக மாற்றிய பிறகும் அது 24 பட்டைகள்தான், வட்டம் ஆகாது. மூலைக்கு மூலை 25 இருக்கும். பட்டைக்குப் பட்டை 24.79தான். 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் உள்ளே போகாது. பட்டைகளை இன்னும் கூட்டினால் வித்தியாசம் குறையும், ஆனால் லேத்காரர் கேட்கிற 'விட்டம்' என்ற ஒன்று அந்த ஃபைலில் வராது.

அதனால் ஒரு நாற்காலிக் காலின் ரப்பர் மூடி, தட்டையான ஒரு பிராக்கெட் என்றால் மாற்றிய சாலிடே போதும். ஓடுகிற சக்கரம் என்றால் மெஷ்ஷை வவுச்சராக வைத்துக்கொண்டு கணக்கைப் புதிதாக எழுதுங்கள். பற்களை எண்ணுங்கள், 40 என்று வைப்போம். தேயாத இடத்தில் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்தால் 125.8 வருகிறது. சாதாரண நேர்ப்பல் சக்கரத்தில் வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் மாட்யூல் கிடைக்கும். 42-ஆல் வகுத்தால் 2.995, அதாவது மாட்யூல் 3, அசல் விட்டம் 126. தேய்மானத்தையும் ஸ்கேன் பிசகையும் அப்படியே படியெடுக்காமல் அசல் அளவுக்குத் திரும்பிவிட்டோம். (அங்குல அளவில் செய்த தறியென்றால் இந்தக் கணக்கை அங்குலத்தில் போட வேண்டும்.) வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். ஆகவே பேட்டர்ன் 127.3 அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மரத்தில் செய்த பெரியவர்கள் இதற்கென்றே தனி அளவுகோல் வைத்திருந்தார்கள். ஸ்கேனர் வந்துவிட்டதால் இந்தச் சுருக்கம் மாறிவிடவில்லை.

கடைசியாக, பணம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரிடமாவது டிசைன் வேலை கொடுத்தால் எஸ்டிஎல் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஸ்டெப் ஃபைலும், அளவுகளைத் திருத்தக்கூடிய மூல ஃபைலும் சேர்த்துத் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேங்கில் பாஸ்புக்கைப் பார்த்தவுடன் கையெழுத்துப் போடாமல் லெட்ஜரைக் கேட்போம் இல்லையா, அதுபோல. நம் வீட்டு இளைஞர்களில் யாருக்காவது பழக ஆசையிருந்தால் ஞாயிறு காலை கம்யூனிட்டி ஹாலுக்கு ஒரு வெர்னியரோடு வரச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் நான் கொண்டுவருகிறேன்.