விளக்குக்கு எண்ணெய்
(விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடைபெற்றதை அது கூறுகிறது. ஆசிரியருக்கு நெல் அளந்ததோடு அவ்வறம் நிற்கவில்லை. மாணவர்க்கு உணவு, படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய் என ஒவ்வொன்றுக்கும் அதில் வழி செய்யப்பட்டுள்ளது.

நம் முன்னோர் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று தானத்தை நான்காக வகுத்தனர். இந்நான்கும் ஒன்றையொன்று தாங்குவன. பசித்த பிள்ளையிடம் நூலை மட்டும் நீட்டினால் அது படிக்குமா?

எனினும் அச்சாலை வேதமும் ஆகமமும் பயில்வோர்க்கே உரியதாயிருந்தது. தறிக்காரர் பிள்ளைக்கு அன்று அங்கே இடமில்லை. காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யக் கரையின் ஓடத்தை எறிய இரண்டாவது ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுபிள்ளையே. தந்தை வாங்கிய முன்பணம் தீருமுன் மகனும் தறியில் அமர்ந்தான். வறுமை இவ்வாறு கடனின் வழியாகவே தலைமுறை தாண்டுகிறது. அறிவுக் குறைவால் அன்று.

அவ்வூர் நெசவாளர் மரபில் 1909இல் பிறந்த சி. என். அண்ணாதுரை, குடும்ப நிலையால் படிப்பை இடையில் நிறுத்தி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராகப் பணி செய்தார். பின்னர் மீண்டும் படித்துப் பச்சையப்பன் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றார், 1967இல் முதலமைச்சரானார். அக்கல்லூரி, 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற அறப்பொருளால் எழுந்தது. 1956இல் காமராசர் ஆட்சி பள்ளிகளில் மதிய உணவைப் பரவலாக்கியதும் இதே உண்மையை உணர்ந்தே.

நம் குடும்பங்களில் பல இன்றும் உழவை நம்பியிருப்பவை. மழை பொய்த்த ஆண்டில் முதலில் நிற்பது பெண்பிள்ளையின் படிப்பே. நாம் மதிப்பெண் வந்தபின் மேடையில் பரிசு தருகிறோம், அது நன்று. ஆனால் கட்டணம் கட்ட இயலாமல் நின்ற பிள்ளை அம்மேடைக்கு வருவதேயில்லை. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் இருவர் பொறுப்பேற்று, கல்வியாண்டு தொடங்குமுன் அத்தகைய வீடுகளைத் தேடிச் செல்ல வேண்டுகிறேன். கட்டணம், விடுதி, உணவு மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். கொடுப்பதை ஊரறியக் கொடாதீர்கள். படித்து உயர்ந்தவர்கள் ஆளுக்கொரு பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள்.