வென்ற பாட்டும் நின்ற பாட்டும்

1958ஆம் ஆண்டு ஒல்லாந்தின் ஹில்வர்சம் நகரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி நடைபெற்றது. பத்து நாடுகள் பங்குபற்றின. 'உறங்கு, என் அன்பே' எனப் பொருள்படும் தலைப்புடைய மெல்லிசைப் பாடலைப் பாடிய பிரான்சின் ஆந்த்ரே கிளாவோ முதலிடம் பெற்றார். மூன்றாமிடம் பெற்ற இத்தாலியப் பாடலோ, 'வொலாரே' என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. நடுவர் தீர்ப்பு ஒன்று. மக்கள் நாவின் தீர்ப்பு வேறு.

நம் தலவாக்கலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய தாய்மாரின் தாலாட்டுகள் எந்தப் போட்டிக்கும் போனவை அல்ல. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தளித்தார். ஏட்டில் ஏறியவை நின்றன. ஏறாதவற்றுட் பல, பாடியவரோடு மறைந்தன. உங்கள் லயத்தில் பாட்டி ஒருத்தி இன்றும் பாடுவாளாயின், அருகமர்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள்.