பள்ளிக்கு ஒரு பிடி நெல்

(திருவாரூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



திருவாரூர் என்றதும் ஆழித்தேர் நினைவுக்கு வரும். தேர் என்றதும் அதன் காலில் அகப்பட்ட ஆன்கன்று நினைவுக்கு வரும். தாய் ஆ வந்து மணியை அசைக்க, தன் மகனென்றும் பாராது முறைசெய்த சோழனின் கதையை இவ் வூரில் அறியாதார் இலர். அக் கதையில் பலரும் எண்ணிப் பாராத செய்தி ஒன்றுண்டு. அம் மணி, வாயற்ற ஆவுக்கும் எட்டும் உயரத்தில் தொங்கிற்று. எட்டாத உயரத்தில் கட்டிய மணியால் எவர்க்கும் முறை கிடைப்பதில்லை. இன்று பள்ளிகளில் குமுக நயன்மை வேண்டும் என்று கூறும் ஆணைகள் உள, அறிக்கைகள் உள. அவற்றைச் செயலாக்க வேண்டிய ஆசிரியரின் கைக்கு எட்டும் பொருள்தான் இல்லை. இற்றை உரை அப் பொருளைப் பற்றியது.

இக் காவிரிப் படுகை நாட்டுக்கே சோறிட்ட மண். ஆனால் அச் சோற்றை விளைத்தவனின் பிள்ளை பள்ளி வாயிலை மிதிக்க நெடுங்காலம் சென்றது. பண்ணையாளின் மகன் பால்பல் விழுமுன்னரே பண்ணைமாட்டின் பின்னால் போனான். சாட்டையடியும் சாணிப்பால் புகட்டலும் ஒழியவேண்டும் என்னும் உடன்பாடு மன்னார்குடியில் எழுத்தில் ஏறியது 1944-இல். தஞ்சை மாவட்டப் பண்ணையாளுக்குக் காப்புத் தரும் சட்டம் வந்தது 1952-இல். தந்தையின் முதுகு நிமிர்ந்த பின்னரே மகனின் கையில் எழுதுபலகை ஏறிற்று.

1968-ஆம் ஆண்டைத் தமிழன்பர் எவரும் மறவார். அவ் வாண்டு சனவரித் திங்களில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இந்தியை விலக்கி இருமொழிக் கொள்கையை ஏற்றது. அதே ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள் இரவு, அன்றைய கீழைத் தஞ்சையின் வெண்மணியில், கூலிநெல் கூட்டிக் கேட்ட உழவுத்தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரியுண்டு மாண்டனர். அவருள் பெண்டிரும் பிள்ளைகளுமே மிகுதி. தமிழுக்குக் காப்புச் செய்த ஆண்டிலேயே தமிழ் பேசிய வாய்கள் தீயில் வெந்தன! தமிழைக் காப்பது வேறு, தமிழரை நிகராக்குவது வேறு என்று கருதுவோர், இவ் விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்ப்பாராக.

அத் தீ முற்றும் அணைந்துவிட்டதா? தொடக்கப்பள்ளிகளில் காலையுணவுத் திட்டம் 2022-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகத்து 25-ஆம் நாள், அண்டையிலுள்ள திருக்குவளையில் மாநில முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. நற்பணியே. ஆனால் அதே 2023-இல், ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த பெண் சமைத்தாள் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ணவிடாத பெற்றோரைப் பற்றிய செய்திகளும் வந்தன. அதே ஆண்டு நாங்குநேரியில், உடன்பயிலும் மாணவனை மாணவரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அதன் பின்னர் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நடுவர் சந்துருவின் ஒருவர் குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப்பெயரை நீக்கவும், மாணவர் கைகளில் சாதி காட்டும் நிறக்கயிறுகளைத் தடுக்கவும் 2024 சூனில் அறிக்கை தந்தது.

அரிசிக்கு அரசு பணம் தரலாம், ஆணையும் பிறப்பிக்கலாம். பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்தி, முதற் கவளத்தைத் தாமே உண்டு காட்டுபவர் ஆசிரியரே. கயிற்றை அறுப்பது எளிது. அதைக் கட்டிவிட்ட எண்ணத்தை அறுப்பவரும் ஆசிரியரே.

அப் பணிக்கு என்ன செலவாகும்? நடவுக்கும் அறுவடைக்கும் பெற்றோருடன் போய்விட்ட பிள்ளையைத் தேடி ஆசிரியர் குடியிருப்புக் குடியிருப்பாய்ச் செல்லவேண்டும். மாலைப் படிப்பகம் நடத்த விளக்கும் பாயும் வேண்டும். தெருவுக்கொரு குழுவாய்ப் பிரிந்து ஆடும் சிறுவரை ஓரணியாக்கப் பந்தும் சட்டையும் வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒன்றாக வெண்மணி நினைவிடத்துக்கு அழைத்துச் செல்லப் பேருந்துக் கட்டணம் வேண்டும். இவை பெருஞ்செலவுகள் அல்ல. ஆயினும் இவற்றைத் தம் சம்பளத்திலிருந்து தந்து, வீட்டில் விடை சொல்ல முடியாமல் நிற்கும் ஆசிரியர் பலர்.

அரசின் நல்கை இல்லையா எனின், உண்டு. 2018-இல் வந்த ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் அளவுப்படி, 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் உருபா. 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு இருபத்தையாயிரம். சுண்ணக்கோல், துடைப்பம், மின்கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அதிலும் பத்திலொரு பங்கு தூய்மைப் பணிக்கென்று ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்னிருந்த 'சர்வ சிக்சா' திட்டத்தில் ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் கற்பித்தற் கருவிகளுக்கென ஆண்டுக்கு 500 உருபா தரப்பட்டது. பிள்ளைகளை நிகராக்கும் பணிக்கென்று அவற்றுள் தனிப் பங்கு ஏது?

கொடுக்கும் கை மடங்கினால் என்னாகும் என்பதையும் தமிழர் இருமுறை கண்டனர். 1920-இல் பிட்டி தியாகராயரின் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளி மாணவர்க்கு நண்பகலுணவு தர முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு! தொடக்கக் கல்விக்குரிய பணத்தை உணவுக்குச் செலவிடலாகாது என்று வெள்ளையரசு தடுத்தது. 1925-இல் உணவு நின்றது. அடுத்தது 2024. தேசியக் கல்விக் கொள்கையை முழுதும் ஏற்று 'பி.எம். சிறீ' உடன்படிக்கையில் கையெழுத்திட்டாலன்றிப் பணமில்லை என்று, தமிழ்நாட்டுக்குரிய ஏறத்தாழ 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்திவைத்தது. மும்மொழித் திட்டம் அக் கொள்கையின் உறுப்பு. 2025 மேத் திங்களில் தமிழ்நாட்டரசு உச்சநயமன்றத்தில் வழக்கிட நேர்ந்தது. வெள்ளையரசு சோற்றைத் தடுத்தது. தில்லியரசு மொழியை விலையாகக் கேட்டது. இரண்டிலும் இழப்பு ஏழைப் பிள்ளைக்கே.

அவ்வாறாயின் ஊர்ச் செல்வரிடம் கேட்கலாமே என்பர் சிலர். அதிலும் இடர் உண்டு. கூரை வேய்ந்து கொடுத்தவரின் மகன் முன்வரிசையில் அமர்வான். கூலிக்காரியின் மகன் பின்னுக்குப் போவான். கொடுத்தவர் வீட்டுக் கயிறு எந்தப் பிள்ளையின் கையில் இருந்தாலும் ஆசிரியர் நா எழாது.

வழியொன்று முன்னரே காட்டப்பட்டுள்ளது. காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்ற நண்பகலுணவுத் திட்டம், முதலில் ஊரார் கொடையால் நடந்தது. பின்னர்ச் செலவில் பத்தில் ஆறு பங்கை அரசும் நான்கு பங்கை ஊராரும் ஏற்றனர். 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரூராக மக்கள் சீருடையும் இருக்கையும் கட்டடமும் தந்தனர். அரசின் பங்கு உரிமையாக வந்தது. ஊரின் பங்கு பலர் கையிலிருந்து வந்தது.

அவ் வழியைத் திருவாரூர் மாவட்டம் மீண்டும் திறக்கட்டும். குறுவைக்கு ஒரு பிடி நெல், சம்பாவுக்கு ஒரு பிடி நெல் என்று வீடுதோறும் தருக. நெல் இல்லாதார் அதன் விலையைத் தருக. நூறு வேலி உடையவரும் ஒரு பிடியே. கூலிக்கு நடுபவரும் ஒரு பிடியே. அதற்கு மேல் தர வருவாரிடம் கைகூப்பி மறுத்துவிடுக! தருபவர் பெயர் எந்த இருக்கையிலும் எழுதப்பட வேண்டா.

அதனை யார் காப்பது? 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி பள்ளிகளில் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் அளவுக்கேற்ற இடம் உண்டு. தாம் செய்ய விரும்பும் பணியையும் அதன் செலவையும் ஆசிரியர் ஒரு தாளில் எழுதி அக் குழுவின்முன் வைக்கட்டும். குழு ஏற்றுப் பணம் தரட்டும். கணக்கு பள்ளிச் சுவரில் ஒட்டப்படட்டும். ஊர் நான்கு பங்கு தந்த பள்ளிக்கு அரசு ஆறு பங்கு தரவேண்டும் என்று கேட்கும் தகுதி அப்போது ஊருக்கு உண்டு. மாறுதலில் செல்லும் ஆசிரியருடன் அப் பணியும் போய்விடாது.

பெருமக்களே! தூய தமிழில் பேசுவது சிறப்பு. அத் தமிழை எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் இருந்து கற்பது அதனினும் சிறப்பு. அறிக்கைகளும் ஆணைகளும் உயரத்தில் கட்டிய மணிகளாய்த் தொங்குகின்றன. அவை கடையிருக்கைப் பிள்ளையின் கைக்கும் எட்டுமாறு தாழ்த்திக் கட்ட ஒரு பிடி நெல் போதும். வரும் அறுவடைக் களத்தில் அந்த முதற் பிடியை எடுத்துவைப்பீராக!