யார் கையில் பணம், யார் கையில் நிலம்?
(பொதுமக்கள் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



நம் தமிழ்ப்பள்ளிக்குப் புதிய கட்டடம் கேட்கிறோம். மானியம் வந்துவிட்டது என்கிறார்கள். பத்திரிகையில் படமும் வருகிறது. ஆனால் ஒரு செங்கல்கூட ஏறவில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறீர்களா?

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் பாருங்கள். கல்வி மத்திய அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநில அரசின் பட்டியலில் இருக்கிறது. வருமான வரியும் சுங்க வரியும் மத்திய அரசாங்கத்துக்குப் போகின்றன. மாநிலத்துக்கு முக்கியமாக நிலத்தீர்வை, காடு, கனிமம் ஆகியவற்றின் வருமானமும், மேலிருந்து வரும் மானியமும்தான். ஆக, பணம் ஒருவர் கையில், நிலம் இன்னொருவர் கையில்! நம் பள்ளிகள் பல தோட்ட நிலத்தில் எழும்பியவை. நிலப்பட்டா இல்லாத இடத்தில் ஒதுக்கிய பணம் காத்துக் கிடக்கிறது.

மூன்றாவது ஒரு கை உண்டு. அது ஊராட்சி மன்றம். கால்வாய், குப்பை, தெருவிளக்கு, கடை லைசென்ஸ் எல்லாம் அங்கேதான். நாம் 'சுக்காய் பிந்து' என்று சொல்லும் மதிப்பீட்டு வரியை வாங்குவதும் அந்த மன்றமே. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டுகிறார். ஆனால் அந்த மன்றத்துக்கு நமக்கு ஓட்டு இல்லை.

முன்பு இருந்தது. 1951-இல் ஜார்ஜ்டவுனிலும் 1952-இல் கோலாலம்பூரிலும் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1965-இல், இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அதை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்பதே ஆணையத்தின் பரிந்துரை. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தோழர்களே, லயத்தில் இருந்தபோது 'இது தனியார் தோட்டம்' என்று மன்றம் எட்டிப் பார்க்கவில்லை. இன்று மலிவு விலை பிளாட்டுக்கு வந்தோம். வரி கட்டுகிறோம். கேட்கத்தான் தயங்குகிறோம்.

இனித் தயங்காதீர்கள். பள்ளிக் கட்டடமா? கல்வி அமைச்சுக்கு எழுதுங்கள். பள்ளி நிலமா, மயான நிலமா? மாநில அரசுக்கு எழுதுங்கள். கால்வாய் அடைப்பா? மன்றத்துக்கு எழுதுங்கள். 'எங்கள் அதிகாரத்தில் இல்லை' என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தையே இணைத்து அடுத்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று அதே 1976 சட்டம் சொல்கிறது. ஒதுக்கி நடத்த மன்றமே தீர்மானித்தால் ஒழிய, யாரும் உங்களைத் தடுக்க முடியாது. பத்துக் குடும்பமாகப் போய் உட்காருங்கள்.

தேர்தல் காலத்தில் வரும் அரிசி மூட்டை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். பள்ளியின் பெயரில் வாங்கிய நிலப்பட்டா நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். எதைக் கேட்கப் போகிறோம் என்பதை இன்றே முடிவு செய்வோம்.